பாட்டு சார்

ஜெபராஜுக்குக் காபி என்றால் உயிர். ஆனால் வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டால் அவர் டீதான் குடிப்பார். காரணம் வேறொன்றுமில்லை, காபி என்று சொல்ல அவருக்கு வாய் வராது. 'கா' என்ற எழுத்து தொண்டைக்குழியில் வந்து நின்றுகொண்டு, திரும்பத் திரும்ப முட்டுமே தவிர வெளியே வராது. கடைக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். டீ கொஞ்சம் தேவலை. இரண்டு முட்டு முட்டினால் வந்துவிடும்.

முப்பத்தொரு வயதுக்குள் இப்படி எத்தனையோ காரியங்களை அவர் தன் நாக்குக்குத் தகுந்தாற்போல மாற்றி வைத்திருந்தார். டிக்கெட் கவுண்ட்டரில் ஊர்ப்பெயர் சொல்ல வேண்டியிருக்கும் என்பதாலேயே தாம்பரத்திலிருந்து சீசன் டிக்கெட். அலுவலகத்தில் தபால் அனுப்பும் பிரிவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கவர்களோடு யாரும் பேச வேண்டியதில்லை. தெருவில் தெரிந்தவர் எதிரே வந்தால் பேசுவதற்கு முன்பே சிரித்து, கையைத் தூக்கி, நடையை வேகமாக்கிவிடுவார். அவரை நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணமாகி இரண்டு வருஷம். மனைவி ஞானஜோதி ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் டீச்சர். அன்பான பெண். கணவர் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டு தவித்தால் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர் 'மி' என்று தொடங்கினால் "மிளகு ரசமா? இதோ ஊத்துறேன்" என்று முடித்துவிடுவாள். அவருக்கு வேண்டியிருந்தது மிளகாய்ப்பொடி. பரவாயில்லை என்று அவரும் ரசத்தையே சாப்பிடுவார். அவள் தன்னைக் காப்பாற்றுகிறாள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் எத்தனையோ வாக்கியங்கள் அவர் நினைத்தபடி முடியாமல், அவள் நினைத்தபடி முடிந்து போனதில் உள்ளுக்குள் ஒரு சின்னக் குறை இருந்தது. அதைச் சொல்லவும் வாய் வேண்டுமே.

அறுபத்தேழாம் வருஷம் காணும் பொங்கலன்று நடந்தது இது.

அவர்களுடைய சபையின் வாலிபர் சங்கத்திலிருந்து ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் கிண்டிப் பூங்காவுக்குத் தொண்டு செய்யப் போவார்கள். அன்றைக்கு அங்கே கூடுகிற ஜனத்தைச் சொல்லி மாளாது. பல்லாவரம், பம்மல், பொழிச்சலூர், வேளச்சேரி என்று சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் மாட்டு வண்டி கட்டிக்கொண்டும், மின்சார ரயிலில் தொற்றிக்கொண்டும் வருவார்கள். கூடையில் புளியோதரை, தூக்கில் தயிர்சாதம், தோளில் கரும்பு. மானைப் பார்த்துவிட்டு மரத்தடியில் ஜமக்காளம் விரித்துச் சாப்பிட்டு, சறுக்குமரத்துக்கும் ஊஞ்சலுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பெரியவர்கள் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, பொழுது சாயப் புறப்படுவார்கள். வாலிபர் சங்கத்துக்கு மூன்று வேலைகள். தண்ணீர்ப் பந்தல், முதலுதவி, காணாமல் போன பிள்ளைகளைச் சேர்த்து வைத்து மைக்கில் அறிவிப்பது.

ஜெபராஜ் தண்ணீர்ப் பந்தலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தாகம் எடுத்தவன் டம்ளரை நீட்டுவான், இவர் ஊற்றுவார். அங்கே பேச்சுக்கு இடமில்லை. ஞானஜோதியும் அவருடன் வந்திருந்தாள்.

பிள்ளைகள் கூடாரம் வாசலுக்கு அருகே ஆலமரத்தடியில் இருந்தது. அதற்குப் பொறுப்பு சுந்தர்சிங். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மைக்கே இல்லாமல் பூங்கா முழுக்கக் கேட்கிற குரல் அவருக்கு. அவருக்கு உதவியாக ரத்தினபாய் என்ற நர்ஸம்மா. மைக்செட் பொழிச்சலூர் குப்பனுடையது. குப்பன் நாலு மரங்களில் புனல் புனலாக நாலு ஸ்பீக்கர்களைக் கட்டி, கார் பேட்டரியில் ஒயரைச் சொருகி, முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பாட்டு ரெக்கார்டு போடக்கூடாது, மான்கள் மிரளும் என்று பூங்காக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததில் அவனுக்கு ஒரே வருத்தம்.

"கல்யாணத்துக்கு வந்து சோறு துன்னாம போறா மாறி கீது சார்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மதியம் மூன்று மணி வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்புறம் வெயிலில் ஒரு வயதான அம்மாள் மயங்கி விழுந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் அடித்தும் தெளியவில்லை. போலீஸ் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நர்ஸம்மா ஏறிக்கொண்டார். அம்மாளின் மகன் கைகால் நடுங்கிப் போயிருந்ததால் சுந்தர்சிங்கும் ஏற வேண்டியதாயிற்று. அந்த நேரம் பார்த்து ஜெபராஜ் காலிக் குடத்தோடு கூடாரத்துப் பக்கம் வந்து நின்றார்.

"தம்பி, இங்கே உட்காரு. நான் வர்ற வரைக்கும் பார்த்துக்கோ" என்று சுந்தர்சிங் ஜீப்பிலிருந்தே கத்தினார்.

ஜெபராஜ் 'முடியாது' என்று சொல்ல வாயைத் திறந்தார். 'மு' வருவதற்குள் ஜீப் வாசலைத் தாண்டிவிட்டது.

கூடாரத்துக்குள் ஒரே ஒரு குழந்தைதான் இருந்தது. நாலு வயதிருக்கும். பச்சைப் பாவாடை, தலையில் சிவப்பு ரிப்பன், ஒரு காலில் மட்டும் கொலுசு. அழவில்லை. அழுது முடித்துவிட்ட முகம். பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்து, வாசலைப் பார்த்தபடியே இருந்தது. மேஜையில் ரத்தினபாய் எழுதி வைத்த சீட்டு இருந்தது. பெயர் காமு. ஊர் தெரியவில்லை. அம்மா பெயர் கேட்டால் அம்மா என்கிறது.

ஜெபராஜ் அந்தப் பெயரைப் பார்த்தார். உலகத்தில் எத்தனையோ எழுத்து இருக்க, 'கா'விலா பெயர் வைக்க வேண்டும் என்று நினைத்தார். வேர்த்தது.

சீட்டைக் குப்பனிடம் நீட்டி, மைக்கைக் காட்டி, 'நீயே சொல்லு' என்று சைகை செய்தார்.

"எனுக்குப் படிக்கத் தெரியாது சார். இருந்தாலும் சொல்றேன்" என்று குப்பன் மைக்கைப் பிடித்தான். "அலோ, அலோ! இங்க ஒரு பொண்ணு கீது. யாரு பொண்ணோ தெரியல. யார்துன்னாலும் ஒடனே வந்து இட்டுகினு போங்கோ!"

அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் இருபது முப்பது பேர் ஓடி வந்துவிட்டார்கள். பெண் பிள்ளையை அந்த நிமிஷம் கண்ணில் காணாத அத்தனை தாய்தகப்பனும் அங்கே நின்றார்கள். ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்து, "இது எம் பொண்ணு இல்லையே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர், "பேரு என்ன, டிரஸ் என்னன்னு சொல்ல மாட்டியா? மனுஷன் உசிரு போயிடுச்சு" என்று குப்பனை உலுக்கி எடுத்துவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தது. அந்தக் கூட்டத்தில் குழந்தையின் தாய் இல்லை. ஒவ்வொருவர் எட்டிப் பார்த்தபோதும் எழுந்து நின்ற காமு, மறுபடியும் பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்தபோது ஜெபராஜுக்குத் தாங்கவில்லை.

"நான் சொன்னா பேஜாராப் பூடுது சார். நீயே விவரமாப் படி" என்றான் குப்பன்.

மணி நாலு. ஆறு மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள். இப்போதே வண்டிகளை ஒவ்வொன்றாகக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். ஜெபராஜ் மைக்கின் முன்னால் போய் நின்றார். கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபித்தார். வாயைத் திறந்தார்.

"கா... கா... கா... கா..."

நாலு மரத்திலிருந்தும் அது கேட்டது. பூங்காவின் கடைக்கோடி வரை போய்த் திரும்பி வந்தது. காலையில்தான் வீட்டுக்கு வீடு காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு வந்த கூட்டம் அது. முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது. பிறகு சறுக்குமரத்துப் பக்கம் நின்ற விடலைகள் சிலர் கையை வாயில் குவித்துக்கொண்டு, "கா! கா! கா!" என்று பதில் கொடுத்தார்கள். அங்கிருந்து மான் வேலிப் பக்கம், அங்கிருந்து மரத்தடிகளுக்கு என்று அது பரவியது. ஒரு நிமிஷத்தில் பூங்காவே கரைந்தது. நிஜக் காக்காய்கள் மிரண்டு எழுந்து ஆலமரத்துக்கு மேலே வட்டமிட்டன.

ஜெபராஜ் மைக்கை வைத்துவிட்டுக் கூடாரத்தின் பின்பக்கம் போய்விட்டார். ஆலம் விழுதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்க எழுந்து நின்ற நாட்களிலிருந்து எந்த ஒன்றுக்குப் பயந்து பயந்து ஒதுங்கினாரோ, அது இன்று பத்தாயிரம் பேர் முன்னால் நடந்துவிட்டது. அப்படியே சுவர் ஏறிக் குதித்து ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷனுக்குப் போகிற ஒரு சந்து இருப்பது கூட ஞாபகத்துக்கு வந்தது.

குப்பன் பின்னாலேயே வந்தான். பீடியை எடுத்தவன், பற்ற வைக்காமல் காதில் செருகிக்கொண்டான்.

"சார், காலைல நீ பந்தலாண்ட பானை கழுவிகினு இருந்தியே, அப்போ இன்னா பாடிகினு இருந்தே?"

ஜெபராஜ் விழித்தார்.

"ஒயரு இழுத்துகினு அந்தாண்ட போனேன். ஒரு பாட்டு முழுக்க நின்னு கேட்டேன். ஷோக்கா இருந்துச்சு. ஒரு எடத்துல கூட நிக்கல நீ."

அது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவில் அவர் பாடும்போது எந்த எழுத்தும் எங்கும் மாட்டுவதில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் அவர் அதை ஒரு பெரிய விஷயமாக நினைத்ததே இல்லை. பாட்டு கோயிலுக்கு, பேச்சு உலகத்துக்கு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தார். பாட்டில் வாழ முடியுமா என்ன?

"பேச வரலேன்னா பாடேன் சார்" என்றான் குப்பன். "அது பாட்டுக்கு உள்ள குந்திகினு கீது, கொழந்த."

ஜெபராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடாரத்துக்குள் வந்தார். காமு அவரைப் பார்த்தது. அதற்கு அவருடைய திக்குவாய் பற்றி எந்தக் கருத்தும் இல்லை. அம்மாவைக் கூப்பிடுகிறவர் இவர்தான் என்று மட்டும் அதற்குத் தெரிந்திருந்தது. அவர் சீட்டை இன்னொரு முறை படித்தார். சிறு பிள்ளையில் கேட்ட ஒரு தாலாட்டு மெட்டு நாக்கில் வந்தது. மைக்கைப் பிடித்தார்.

"தாயே தாயே வாருங்கள்,
தங்கப் பிள்ளையைக் காணுங்கள்.
காமு என்னும் சின்னப் பிள்ளை
காத்திருக்குது, யாருமில்லை.
பச்சைப் பாவாடை, சிவப்பு ரிப்பன்,
காலிலே ஒற்றைக் கொலுசு.
வாசல் ஓரம் ஆலமரம்,
வந்தால் அங்கே கூடாரம்."

முதல் வரிக்கு இன்னும் சில பேர் கரைந்துகொண்டிருந்தார்கள். இரண்டாவது வரிக்கு அது குறைந்தது. 'காமு' என்ற பெயர் ஒரு தடங்கலுமில்லாமல், எண்ணெயில் நழுவுகிற மாதிரி வெளியே வந்தபோது, பாடிக்கொண்டிருந்த ஜெபராஜுக்கே மயிர்க்கூச்செறிந்தது. இன்னொரு முறை பாடினார். மூன்றாவது முறை பாடும்போது பூங்காவில் சத்தமே இல்லை. அவருடைய குரல் மட்டும் மரத்துக்கு மரம் தாவிப் போய்க்கொண்டிருந்தது.

தண்ணீர்ப் பந்தலில் இருந்த ஞானஜோதிக்கு அந்தக் 'கா கா' கேட்டபோதே யார் குரல் என்று தெரிந்துவிட்டது. கையிலிருந்த செம்பைப் போட்டுவிட்டு, கரும்புச் சக்கை மேலும் ஜமக்காளங்கள் மேலும் மிதித்துக்கொண்டு ஓடி வந்தாள். கரைகிறவர்களைப் பார்த்து, "வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்று அழுதுகொண்டே ஓடினாள். கூடாரத்துக்குப் பத்தடி இருக்கும்போது பாட்டு தொடங்கியது. அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரு காக்கிச் சட்டைக்காரர் விசிலை ஊதிக்கொண்டு வந்தார். பூங்காக் காவலாளி. "ரெக்கார்டு போடக் கூடாதுன்னு எத்தினி தபா சொல்றது?"

"ரெக்கார்டு இல்ல சார், ஆளு!" என்றான் குப்பன் பெருமையாக.

காவலாளி எட்டிப் பார்த்தார். மைக்கின் முன்னால் நிற்கிற ஆளையும், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையையும் பார்த்துவிட்டு, விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "மெதுவாப் பாடச் சொல்லு, மானுங்க கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறாவது முறையோ ஏழாவது முறையோ பாடும்போது, வாசலுக்கு வெளியிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். தலை அவிழ்ந்து, காலில் செருப்பில்லாமல், புடவை முந்தானை மண்ணில் புரள வந்தாள். காமு பெஞ்சிலிருந்து குதித்தது. அந்தப் பெண் அதை வாரி எடுத்து, முதுகில் இரண்டு அடி வைத்து, பிறகு நெஞ்சோடு அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருவருமாக அழுத அழுகையைப் பார்த்து குப்பன் வேறு பக்கம் திரும்பி ஒயரைச் சரிபார்த்தான்.

அவள் பெயர் கங்கம்மா. பொழிச்சலூரில் சித்தாள் வேலை செய்கிறவள். மான் வேலியருகே பிள்ளை தன் அக்காளோடு இருக்கிறது என்று கங்கம்மாவும், தாயோடு போய்விட்டது என்று அந்த அக்காளும் நினைத்திருக்கிறார்கள். உள்ளே தேடிப் பார்த்துவிட்டு, யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ரோட்டுக்கு ஓடி, ஒவ்வொரு மாட்டு வண்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டே அரை மைல் போய்விட்டாள்.

"காலையிலேர்ந்து மைக்கு எதுனா பேசிகினே கீது சார். எது காதுல வுழுது? இரைச்சலோட இரைச்சல். பாட்டு வந்துச்சு பாரு, இன்னாடா இது, ரெக்கார்டு மாறி இல்லையே, யாரோ தாலாட்டுறா மாறி கீதேன்னு நின்னேன். நின்னேனா, எம் பொண்ணு பேரு வந்துச்சு" என்றாள் கங்கம்மா. "நீ பேசியிருந்தா நான் நின்னிருக்க மாட்டேன் சாமி. பறங்கிமலைக்கே போயிருப்பேன்."

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அவர் காலைத் தொடக் குனிந்தாள். ஜெபராஜ் பதறிப் பின்வாங்கி முக்காலியில் இடறி விழப்போனார். அவருக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல இருந்தது. காமுவின் தலையைத் தொட்டார். 'நீ பேசியிருந்தா நான் நின்னிருக்க மாட்டேன்.' முப்பத்தொரு வருஷத்தில் யாரும் அவரிடம் சொல்லாத வார்த்தை அது. பேச முடியாத வாயைக் கொண்டு பிறந்ததற்காக அவர் கடவுளிடம் கேட்ட கேள்விகள் கொஞ்சமல்ல. பதில் இப்படி மண் ஒட்டிய புடவையோடு ஓடி வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

பொழுது சாயச் சாயப் பிள்ளைகள் தொலைவதும் அதிகமாயிற்று. ஆறு மணிக்குள் இன்னும் எட்டுப் பிள்ளைகளுக்குப் பாடினார். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த நேரத்தில் வரி வந்தது. பட்டு ஜிப்பா போட்ட ஒரு பையன் தன் பெயர் அபிதகுஜாம்பாள் என்று அடம்பிடித்தான். அது அவனுடைய அம்மாவின் பெயர் என்று அந்த அம்மாள் வந்த பிறகுதான் தெரிந்தது. ஒருத்தர் புதுச்செருப்பு தொலைந்துவிட்டது, அதையும் ஒரு பாட்டாகப் பாடிவிடுங்கள் என்று வந்து நின்றார். கரைந்த விடலைகளில் இரண்டு பேர் கூடாரத்துக்கு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றுவிட்டு, வழிதவறிய ஒரு கிழவரை அவர்களாகவே கைப்பிடித்து அழைத்து வந்து விட்டுவிட்டுப் போனார்கள்.

சுந்தர்சிங் ஐந்தரை மணிக்குத் திரும்பினார். மயங்கிய அம்மாள் கண் விழித்து, மோர் குடித்து, நன்றாக இருந்தாள். கூடாரத்தைச் சுற்றிக் கூட்டம் நிற்பதைப் பார்த்து அவர் என்னவோ ஏதோ என்று விலக்கிக்கொண்டு வந்தார். ஜெபராஜ் மைக்கைக் கொடுக்க எழுந்தார்.

"உட்காரு தம்பி" என்றார் சுந்தர்சிங். அன்றைக்கு அவர் குரல் யாருக்கும் கேட்காத அளவுக்கு மெதுவாக இருந்தது. "இத்தனை வருஷமா நான் ஜனங்களை அதட்டிக்கிட்டிருந்தேன். நீ கூப்பிடுறே."

அன்று வீட்டுக்குப் போகும் ரயிலில் நல்ல கூட்டம். இருவருக்கும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது தெய்வச்செயல். ஞானஜோதி கரும்புத் துண்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீனம்பாக்கம் தாண்டும்போது ஜெபராஜ் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினார்.

"எ... என... எனக்கு..."

வழக்கம்போல அவள் உதடு அசைந்தது. பசிக்குதா, தலைவலியா, என்று ஏதோ ஒன்று அவள் வாயில் வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள். கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பல்லாவரத்தில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். ஜெபராஜ் திக்கினார், நின்றார், மறுபடி தொடங்கினார். அவள் காத்திருந்தாள். குரோம்பேட்டை பிளாட்பாரம் தெரியும்போது அந்த வாக்கியம் முடிந்தது.

"எனக்குக் காபி வேணும். பெரிய டம்ளர்ல."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. தாம்பரத்தில் இறங்கியதும் முதல் வேலையாகக் கடைக்குப் போனார்கள். அவரேதான் கேட்டார். கொஞ்ச நேரமாயிற்று. கடைக்காரருக்கு ஒன்றும் அவசரமில்லை.

அதன் பிறகு அவருடைய திக்குவாய் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். சரியாகவே இல்லை. அலுவலகத்தில் தபால் பிரிவிலேயேதான் இருந்தார். ஆனால் நடையை வேகமாக்குவதை விட்டுவிட்டார். தெரிந்தவர் எதிரே வந்தால் நின்று, எத்தனை நேரமானாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனார். காணும் பொங்கல் வந்தால் ஆலமரத்தடிக் கூடாரம் அவருடையது. பல்லாவரம் சந்தையில் முன்பின் தெரியாதவர்கள் கூட "பாட்டு சார், சௌக்கியமா?" என்று கேட்டார்கள்.

மறுவருஷமே கங்கம்மா வந்தாள். ஒரு பானை பொங்கலும் கரும்புக் கட்டும் கொண்டுவந்து கூடாரத்தில் வைத்தாள். வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தார்கள். அவள் போகவில்லை. பெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து, அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நீங்க பூங்காவைச் சுத்திப் பார்க்கலையாம்மா?" என்று ரத்தினபாய் கேட்டார்.

"மானைத்தான் போன வருசமே பார்த்தாச்சே நர்ஸம்மா. எம் பொண்ணு இந்த பெஞ்சில தனியாக் குந்திகினு இருந்திச்சாம். இனிமே ஒரு புள்ளையும் தனியாக் குந்தக் கூடாது."

அப்படியே வருஷா வருஷம் வந்தாள். பேர் தெரியாத பிள்ளைகளிடமிருந்து ஊரையும் தெருவையும் பிடுங்குவதில் அவளுக்கு இணையில்லை. "உங்க வூட்டாண்ட மாடு கீதா? கொளம் கீதா? ரயிலு சத்தம் கேக்குமா?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் "பம்மல் சார், எழுதிக்கோ" என்பாள். அவள் சொல்ல, ரத்தினபாய் எழுத, ஜெபராஜ் பாடுவார். காமு வளர்ந்து, பள்ளிக்கூடத்துச் சீருடையிலேயே வந்து பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

எழுபத்துமூன்றாம் வருஷம் காணும் பொங்கலன்று ஞானஜோதி, தன் இரண்டு வயது மகள் தபீதாளைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்படும்போது கேட்டாள்.

"என்னங்க, குப்பனுக்கு ஒரு நாளாவது நன்றின்னு சொல்லியிருக்கீங்களா?"

ஜெபராஜ் யோசித்துப் பார்த்தார். வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம், சிரிக்கிறோம், கை கொடுக்கிறோம். சொன்னதில்லை. ஆறு வருஷம் ஓடிவிட்டது. நாள் முழுக்க அதே நினைப்பாக இருந்தார்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. கடைசிப் பிள்ளையும் போய்ச் சேர்ந்தது. குப்பன் மரத்திலிருந்து ஸ்பீக்கரை இறக்கி வைத்துவிட்டு, ஒயரை முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். ஜெபராஜ் அவன் முன்னால் போய் நின்றார். பாடிச் சொல்வதாக இல்லை. இதைப் பேசித்தான் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

"கு... கு... குப்பா..."

குப்பன் ஒயர் சுற்றுவதை நிறுத்தினான். சுற்றிய வரை கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஜெபராஜ் சொன்னார். அன்றைக்கு நீ பின்னால் வந்திராவிட்டால் நான் சுவர் ஏறிக் குதித்து ஓடியிருப்பேன் என்றார். அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடினோமே என்று ஆயுசு முழுக்கச் செத்துக்கொண்டிருந்திருப்பேன் என்றார். எனக்குக் கிடைத்த பாட்டு எதற்கு என்று காட்டியவன் நீ, உன்னை நினைக்காமல் ஒரு நாளும் ஜெபம் செய்வதில்லை என்றார். ஒவ்வொரு வார்த்தையும் எங்கேயோ மாட்டியது. 'ஆயுசு' மட்டுமே ஒரு நிமிஷம் பிடித்தது. வேர்த்து, மூச்சு வாங்கி, சொல்ல வந்ததில் ஒரு எழுத்தைக் கூட விடாமல் சொல்லி முடித்தார்.

குப்பனுடைய கண் கலங்கிவிட்டது. அதை அவர் பார்த்துவிடக் கூடாதென்று தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"இன்னா சார் நீ" என்றான். "இதைப் பாடியிருந்தா ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிருக்கும். பாரு, கை மரத்துப் பூட்ச்சி."

ஜெபராஜ் வாய்விட்டுச் சிரித்தார். ஞானஜோதியும் கங்கம்மாவும் என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள்.

"சிரிச்சுகினே நிக்காத, இந்தக் கொழாயப் புடி" என்று குப்பன் ஒரு ஸ்பீக்கரைத் தூக்கி அவர் தோளில் வைத்தான். பெரிய புனல். கனமாகத்தான் இருந்தது. ஜெபராஜ் அதைச் சுமந்துகொண்டு, வாசலில் நின்ற வண்டியை நோக்கி அவனோடு நடந்தார்.